வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இளங்கலை சேர: தமிழ்நாட்டு மாணவருக்கும் பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், மிடில்டவுன் என்ற சிற்றூரில் இருக்கிறது வெஸ்லியன். இளங்கலை மாணவர்கள் சுமார் 3,000 பேர்தான். என் மகள் இப்போது அங்கே படிக்கிறாள். அவள் படித்தது மாநிலப் பாடத்திட்டத்தில், ஒரு மாவட்டத் தலைநகரின் அரசு உதவிபெறும் பள்ளியில். அங்கிருந்து இந்த மாதிரிக் கல்லூரிக்கு யாரும் போனதில்லை. எந்தக் காகிதம் எப்போது வேண்டும், யாரிடம் கேட்பது, எவ்வளவு செலவாகும் என்று சொல்ல ஆளில்லாமல் அலைந்தோம். அடுத்து வருகிற குடும்பம் அந்த அலைச்சல் இல்லாமல் போய்ச் சேர வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இத்தகைய சிறிய கல்லூரிகளில் கட்-ஆஃப் கிடையாது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஒருவர் உட்கார்ந்து வாசிக்கிறார். அவருக்கு நம் பள்ளியைத் தெரியாது, நம் மதிப்பெண் முறை தெரியாது. அதனால் நம் ஊர்க் காகிதங்களை அவருக்குப் புரியும்படி கொடுப்பதுதான் இதில் பாதி வேலை.

1. முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள்

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல், ஆதாரில் வேறு மாதிரி, பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலி. நம் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இதுதான் நிலை. குடும்பப்பெயர் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சாகி வரும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அங்கே போய் வங்கிக் கணக்கு, சமூகப் பாதுகாப்பு எண், ஓட்டுநர் உரிமம் என்று எது எடுத்தாலும் அது கூடவே வரும்.

பதினொன்றாம் வகுப்பிலேயே பாஸ்போர்ட்டைப் பாருங்கள். இனிஷியலை விரித்து அப்பா அல்லது அம்மா பெயரைக் குடும்பப்பெயராகப் போட்டு மறுவெளியீடு வாங்குங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குப் பெரியவர்களுக்கு 1,500 ரூபாய். தட்காலில் போனால் கூடுதலாக 2,000. அதன்பிறகு காமன் ஆப் (பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான இணைய விண்ணப்பம்), ஆங்கிலத் தேர்வு, வங்கி என எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடு இருப்பது பரவாயில்லை. இரண்டும் ஒருவரே என்று தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

இன்னொரு பெயர்க் குழப்பமும் உண்டு. ஒஹையோ வெஸ்லியன், இல்லினாய் வெஸ்லியன், நெப்ராஸ்கா வெஸ்லியன், ஜார்ஜியாவில் வெஸ்லியன் கல்லூரி என்று அமெரிக்காவில் பல வெஸ்லியன்கள் உள்ளன. காமன் ஆப்பில் தேடும்போது மிடில்டவுன், கனெக்டிகட் என்று இருப்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நிதி உதவிப் படிவத்திலும் இதையே கவனியுங்கள்.

2. பணக் கணக்கை ஆசைக்கு முன்னால் போடுங்கள்

படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு, கைச்செலவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 90,000 டாலரைத் தாண்டுகிறது. நம் பணத்தில் 80 லட்சம் ரூபாய்க்கும் மேல். நான்கு ஆண்டுக்கு இதைக் கட்டக்கூடிய குடும்பங்கள் மிகக் குறைவு. ஆனால் வெஸ்லியன் சேர்த்துக்கொள்ளும் வெளிநாட்டு மாணவருக்கு, குடும்பம் எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்கிட்டு, மீதித் தேவை முழுவதையும் ஈடுசெய்கிறது. உதவி மதிப்பெண்ணுக்காகக் கிடைப்பதில்லை, குடும்பத்தின் தேவையைப் பார்த்துக் கிடைக்கிறது.

இதில் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, வெளிநாட்டு மாணவர் உதவி கேட்கிறாரா என்பதையும் பார்த்துத்தான் சேர்க்கை முடிவு எடுக்கிறார்கள். உதவி கேட்டால் போட்டி கடுமை. அதனால் இந்த ஒரு கல்லூரியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். இதே மாதிரி உதவி தரும் ஏழெட்டுக் கல்லூரிகளுக்கும், நம் ஊரில் ஒரு நல்ல கல்லூரிக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.

இரண்டு, "இப்போது உதவி வேண்டாம் என்று போட்டுவிடுங்கள், சீட் கிடைத்தபிறகு கேட்டுக்கொள்ளலாம்" என்று சொல்லும் ஏஜென்சிகள் இருக்கின்றன. எங்களுக்கும் ஒருவர் அப்படித்தான் சொன்னார். கேட்கவே கேட்காதீர்கள். விண்ணப்பிக்கும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் பின்னால் கேட்டுப் பெற முடியாது. சீட் கையில் இருக்கும், கட்டப் பணம் இருக்காது.

மூன்று, வெஸ்லியனில் ஆசிய மாணவருக்கான ஃப்ரீமன் உதவித்தொகை உண்டு. இணையத்தில் தேடினால் முதலில் அதுதான் கண்ணில் படும். அந்தப் பட்டியலில் இந்தியாவோ இலங்கையோ கிடையாது. மலேசியாவும் சிங்கப்பூரும் உண்டு. அந்த நாடுகளின் குடியுரிமை உள்ள தமிழ்ப் பிள்ளைகள் கட்டாயம் பாருங்கள். நாம் பொதுவான நிதி உதவிக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

அப்புறம், எல்லா வீட்டிலும் வரும் கேள்வி: "இன்ஜினியரிங் இருக்கா?" தனியாகப் பொறியியல் துறை கிடையாது. சில ஆண்டுகள் இங்கே படித்துவிட்டு கொலம்பியா, கால்டெக், டார்ட்மத் ஆகியவற்றில் ஒன்றில் பொறியியலை முடிக்கும் இரட்டைப் பட்டத் திட்டம் உண்டு. வெஸ்லியன் தரும் உதவி அங்கே தானாகக் கூடவே போகாது என்பதால், அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். பொறியியல்தான் வேண்டும் என்று உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு இது இடமில்லை. இயற்பியலோடு இசை, பொருளாதாரத்தோடு இலக்கியம் என்று சேர்த்துப் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

3. பள்ளியிலிருந்து வாங்க வேண்டியவை

அதிக நேரம் பிடிப்பது இதுதான். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் ஜூன் மாதத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு ஆண்டு மதிப்பெண்களும் வேண்டும். பத்தாம் வகுப்புக்கு அரசுச் சான்றிதழ் இருக்கிறது. ஒன்பதுக்குப் பள்ளியின் பதிவேடுதான் ஆதாரம். பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வையும் தமிழக அரசு நீக்கிவிட்டதால் அதற்கும் பள்ளிதான் சான்று தர வேண்டும். நான்கையும் ஒரே தாளில், ஆங்கிலத்தில், பள்ளியின் தலைப்புத் தாளில் தட்டச்சு செய்து, தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். இடையில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளியிலிருந்தும் வாங்க வேண்டும். அந்தப் பதிவேட்டைத் தேடி எடுக்கவே சில வாரங்கள் ஆகலாம்.

அடுத்து 'பள்ளி அறிமுகம்' என்று ஒரு பக்கம். நம் பள்ளிகளில் இப்படி ஒன்று இருக்காது, நாமே எழுதித் தலைமையாசிரியரிடம் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கலாம். பள்ளி எந்த ஊர், எத்தனை மாணவர், என்னென்ன பிரிவுகள், பன்னிரண்டில் ஆறு பாடம் 600 மதிப்பெண், தேர்ச்சிக்கு எவ்வளவு, பள்ளியின் சராசரி என்ன என்று எழுதுங்கள். வேறு வாரியத்துப் பாடங்களோ கூடுதல் தேர்வுகளோ பள்ளியில் கிடையாது என்றால் அதையும் சொல்லுங்கள். வாசிப்பவர் பிள்ளையை அந்தச் சூழலில் வைத்துத்தான் மதிப்பிடுகிறார்.

காமன் ஆப்பில் 'கவுன்சிலர்' என்று ஒருவர் வேண்டும். நம் பள்ளிகளில் அப்படிப் பதவி இல்லை என்றால் தலைமையாசிரியரோ வகுப்பாசிரியரோ அந்த இடத்தில் இருக்கலாம். அவர் பள்ளி அறிக்கை அனுப்புவார், மதிப்பெண் தாளைப் பதிவேற்றுவார், ஒரு பரிந்துரையும் எழுதுவார். இதுபோக இரண்டு பாட ஆசிரியர்களின் பரிந்துரை. இவர்கள் எல்லாருக்கும் மின்னஞ்சலில் இணைப்பு வரும். பல ஆசிரியர்கள் மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை, திறந்தாலும் அந்தக் கடிதம் ஸ்பாமில் கிடக்கும். பள்ளி நேரம் முடிந்தபிறகு பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டிக் கொடுங்கள். அவர்களுக்கும் இது புதிது. பொறுமையாக, மரியாதையோடு கேட்டால் மனதாரச் செய்கிறார்கள்.

பரிந்துரைக் கடிதம் நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி இருந்தால் பயனில்லை. "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, வாழ்த்துகிறேன்" என்ற மூன்று வரி எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும். இந்தப் பிள்ளை வகுப்பில் என்ன கேள்வி கேட்டாள், எந்தக் கணக்கை வேறு வழியில் போட்டாள், யாருக்குச் சொல்லிக்கொடுத்தாள் என்று ஒரு நிகழ்ச்சியாவது இருக்க வேண்டும். நீங்கள் எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குவது தவறு, அதைச் செய்யாதீர்கள். பிள்ளை அந்த ஆசிரியரின் வகுப்பில் செய்தவற்றை ஒரு தாளில் குறித்துக் கொடுத்தால் அவருக்கு ஞாபகம் வரும். தமிழில் நன்றாக எழுதும் ஆசிரியர் தமிழிலேயே எழுதட்டும். பள்ளியின் ஆங்கில ஆசிரியர் மொழிபெயர்த்து, இரண்டையும் சேர்த்துப் பதிவேற்றலாம்.

அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்ணும் பின்னால் போகும். "அரையாண்டுதானே" என்று விட்டுவிடாதீர்கள். முடிவு எடுக்கும்போது அவர்கள் கையில் இருக்கும் கடைசி மதிப்பெண் அதுதான். பொதுத்தேர்வு முடிவு வரும் மே மாதத்துக்குள் சேர்க்கை முடிந்திருக்கும்.

4. தேர்வுகளும் கட்டுரையும்

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வு கட்டாயமில்லை. நல்ல மதிப்பெண் வந்தால் அனுப்பலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். ஆங்கிலத் தேர்வைப் பொறுத்தவரை, தமிழ்வழியில் படித்தவர்கள் எழுதியே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலவழியில் படித்தவர்கள் விலக்கு உண்டா என்று சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள், பதில் போடுகிறார்கள். டோஃபல், ஐஈஎல்டிஎஸ் இரண்டையும்விட டியோலிங்கோ செலவு குறைவு, வீட்டிலிருந்தே எழுதலாம்.

கட்டுரை அதிகபட்சம் 650 சொற்கள். பிள்ளையே எழுத வேண்டும். காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறவர்கள் பக்கமே போகாதீர்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி 'தடைகளைத் தாண்டினேன்' கதைதான் அவர்களிடம் இருக்கும். செயல்பாடுகள் பட்டியலில் ரேஷன் கடை வரிசையில் நிற்பது, தம்பியைப் பார்த்துக்கொள்வது, கடையில் அப்பாவுக்கு உதவுவது எல்லாம் எழுதலாம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதோடு. கோப்பை வாங்கியது மட்டும்தான் கணக்கு என்று நினைத்து நம் பிள்ளைகள் இவற்றை விட்டுவிடுகிறார்கள்.

5. நிதிப் படிவம்

நிதி உதவி கேட்பதற்கான சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவம் அக்டோபர் 1 அன்று திறக்கும். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 16 டாலர். கட்ட இயலாதவர்கள் விலக்குக் கேட்டுக் கல்லூரிக்கே எழுதலாம்.

தொகைகளை ரூபாயிலேயே கேட்பார்கள், முதலில் நாணயத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். ஒரு பூஜ்யம் கூடினால் எல்லாம் போச்சு. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்பவர்கள் அதையும் படிவம் 16-ஐயும் எடுத்து வையுங்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள் இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியரின் வருமானச் சான்றிதழும், ஓராண்டு வங்கிக் கணக்கு நகலும் வாங்குங்கள்.

நிலம் பற்றிய கேள்வியில்தான் நம் குடும்பங்கள் சிக்கும். பட்டா தாத்தா பெயரில், பங்கு பிரிக்கவில்லை, பெரியப்பா உழுகிறார் என்றால் என்ன எழுதுவது? உங்கள் பங்கு மட்டும் என்ன மதிப்பு என்று நியாயமாகக் கணித்து எழுதி, சிறப்புச் சூழ்நிலை என்ற பகுதியில் நிலைமையை விளக்குங்கள். நகைக்கடன், அக்கா கல்யாணக் கடன், பாட்டியின் மருத்துவச் செலவு எல்லாம் அந்தப் பகுதிக்குத்தான். எதையும் மறைக்காதீர்கள். பின்னால் ஆவணம் கேட்கும்போது எழுதியதும் காகிதமும் ஒத்துப்போக வேண்டும்.

6. எந்தத் தேதியில் என்ன

காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். முன்முடிவு (எர்லி டிசிஷன்) முதல் சுற்றுக்கு நவம்பர் 15, முடிவு டிசம்பர் நடுவில். இரண்டாம் சுற்றுக்கும் வழக்கமான சுற்றுக்கும் ஜனவரி 1. வழக்கமான சுற்றின் முடிவு மார்ச் கடைசியில், சரியாக நம் பொதுத்தேர்வு நேரத்தில். பதில் சொல்ல மே 1 வரை நேரம். ஆண்டுக்கு ஆண்டு தேதி ஓரிரு நாள் நகரலாம், பல்கலைக்கழகத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் நேரப்படி இரவு 11:59 வரை இருக்கிறது என்று நம்பிக் கடைசி நாள்வரை இழுக்காதீர்கள். அன்று மின்சாரம் போனால் யாரும் பொறுப்பில்லை.

முன்முடிவு என்றால், கிடைத்தால் வருவேன் என்று எழுதிக் கொடுக்கும் உறுதி. தந்த உதவி போதவில்லை என்றால் விலகிக்கொள்ளலாம், ஆனால் வேறு கல்லூரியின் உதவியோடு ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பிருக்காது. இதுதான் முதல் விருப்பம் என்று தெளிவாக இருந்தால் மட்டும் அதில் போங்கள்.

7. மிச்சப் பணமும் விசாவும்

உதவி போக நீங்கள் கட்ட வேண்டிய முதல் ஆண்டுத் தொகை கையில் இருக்கிறது என்று காட்டினால்தான், மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 என்ற சான்று வரும். சேமிப்பு, வைப்புநிதி, கல்விக்கடன் ஒப்புதல் கடிதம் செல்லும். வீட்டு மதிப்பு செல்லாது, ஏனென்றால் அதை உடனே பணமாக்க முடியாது.

கல்விக்கடனுக்கு அடமானம் வைப்பதானால் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், பட்டா, வங்கி வழக்கறிஞரின் கருத்து, மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். பத்திரத்தில் ஒரு சர்வே எண் தப்பாக இருந்தாலும் மாதக்கணக்கில் இழுக்கும். முடிவு வரும்வரை காத்திருக்காமல் ஜனவரியிலேயே பத்திரங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால் வங்கி டிசிஎஸ் என்ற வரியை முன்கூட்டியே பிடிக்கும். வங்கிக் கல்விக்கடனிலிருந்து போகும் பணத்துக்கு அது கிடையாது.

ஐ-20 வந்ததும் செவிஸ் (வெளிநாட்டு மாணவருக்கான அமெரிக்க அரசின் பதிவு) கட்டணம் 350 டாலர், டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம், விசாக் கட்டணம் 185 டாலர். 2025-இல் இயற்றிய சட்டத்தில் கூடுதலாக 250 டாலர் கட்டணம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. நீங்கள் கட்டும் நேரத்தில் வசூலிக்கிறார்களா என்று தூதரகத் தளத்தில் பாருங்கள். சென்னையில் கைரேகைக்கு ஒரு நாள், அண்ணா சாலைத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு ஒரு நாள். மே, ஜூனில் இடம் கிடைப்பது சிரமம், ஐ-20 வந்த அன்றே தேடத் தொடங்குங்கள். பிள்ளையின் சமூக வலைத்தளக் கணக்குகள் எல்லாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்றும் இப்போது கேட்கிறார்கள்.

நேர்காணலில் "என்ன படிக்கப் போகிறாய்?" என்பது மற்றவர்களுக்குச் சுலபமான கேள்வி. வெஸ்லியனில் முதன்மைப் பாடத்தை இரண்டாம் ஆண்டில்தான் அறிவிப்பார்கள், ஐ-20-லும் குறிப்பிட்ட பாடம் இல்லாமல் இருக்கலாம். "இன்னும் முடிவு செய்யவில்லை" என்று நிறுத்திவிட்டால் எடுபடாது. எந்த இரண்டு மூன்று பாடங்களை நோக்கிப் போகிறேன், ஏன், அது எங்கே கொண்டுபோகும் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

8. தடுப்பூசி

விடுதியில் தங்க எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லாவுக்கான ஊசி) இரண்டு தவணை, சின்னம்மைக்கு இரண்டு தவணை, மெனிங்கோகாக்கல் மூளைக்காய்ச்சல் ஊசி எல்லாவற்றுக்கும் சான்று வேண்டும். சின்னம்மை ஊசி நம் அரசுத் திட்டத்தில் இல்லாததால் பலர் போட்டிருக்க மாட்டார்கள். தவணைகளுக்கு நடுவே குறைந்தது நான்கு வாரம் இடைவெளி வேண்டும் என்பதால் ஜூனில் தொடங்குங்கள். காசநோய்ப் பரிசோதனைக்கு ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். குழந்தையில் போட்ட பிசிஜி காரணமாகத் தோல் பரிசோதனை நோயே இல்லாமலும் வீங்கிக் காட்டலாம்.

9. போய்ச் சேர்ந்தபின்

ஐ-20-ல் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன் நாட்டுக்குள் நுழைய முடியாது, அதைப் பார்த்து டிக்கெட் எடுங்கள். ஹார்ட்ஃபோர்ட் அருகே உள்ள பிராட்லி விமான நிலையம்தான் பக்கம். நியூயார்க்கில் இறங்கினால் டிக்கெட் விலை குறையலாம், ஆனால் மிடில்டவுனுக்கு ரயில் கிடையாது. இரண்டு பெட்டியோடு அங்கிருந்து வருவதற்குச் செலவும் களைப்பும் சேரும். பாஸ்போர்ட், ஐ-20, உதவிக் கடிதம் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

பட்டத்துக்கு 32 கிரெடிட் (பாட அலகு) வேண்டும். கட்டாயப் பாடங்கள் மிகக் குறைவு, வெஸ்மேப்ஸ் என்ற பட்டியலிலிருந்து மாணவரே தேர்ந்தெடுக்கிறார். பன்னிரண்டு ஆண்டு பாடத்திட்டம் சொன்னதையே படித்த பிள்ளைக்கு முதல் பருவத்தில் இது திகைப்பாக இருக்கும். ஆலோசகப் பேராசிரியரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். சிறிய பல்கலைக்கழகத்தின் லாபமே அதுதான், பேராசிரியரின் அறைக் கதவு திறந்திருக்கிறது. சமூக அறிவியல்களுக்கு ஒன்று, இலக்கியத்துக்கு ஒன்று என்று இரண்டு தனிக் 'கல்லூரிகள்' உள்ளே உண்டு. அவற்றில் சேர முதலாண்டின் இரண்டாம் பருவத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

கர்நாடக இசை இங்கே பாடமாகவே இருக்கிறது. பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியும் அவருடைய தம்பிகள் மிருதங்கம் ரங்கநாதனும் புல்லாங்குழல் விசுவநாதனும் கற்பித்த இடம் இது. கர்நாடக இசை பாடிய அமெரிக்கர் ஜான் ஹிக்கின்ஸ் பாகவதர் படித்ததும் இங்கேதான். வாய்ப்பாட்டோ மிருதங்கமோ எடுத்து கிரெடிட் வாங்கலாம், நவராத்திரிக்கு ஆண்டுதோறும் விழா நடக்கிறது. ஊரிலேயே சத்யநாராயணர் கோயில் இருக்கிறது. சைவம் சாப்பிடுபவர்களுக்கு உஸ்டன் உணவுக்கூடத்தில் தினமும் வழியுண்டு. ஊறுகாய், பருப்புப்பொடி மட்டும் கொடுத்து அனுப்புங்கள். குளிர்கால மேலங்கியை இங்கே வாங்க வேண்டாம், அங்கே வாங்கினால்தான் அந்தக் குளிருக்குத் தாங்கும்.

பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம்வரை வேலை செய்யலாம். வேலை கிடைத்தபிறகுதான் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு விண்ணப்பிக்க முடியும். முதல் சம்பளம் வரத் தாமதமாகும் என்பதால் முதல் இரண்டு மாதக் கைச்செலவைத் தனியாகக் கொடுத்து அனுப்புங்கள். வளாகத்துக்கு வெளியே ஒரு மணி நேரம்கூட அனுமதியின்றி வேலை செய்யக் கூடாது. விசா நிலையே பறிபோகும்.

விடுமுறைக்கு ஊருக்கு வருவதானால் ஐ-20-ன் இரண்டாம் பக்கத்தில் பயணக் கையெழுத்து இருக்க வேண்டும். அது ஓராண்டுக்குச் செல்லும். டிசம்பர் டிக்கெட் எடுக்கும் வாரத்திலேயே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் வாங்கிவிடச் சொல்லுங்கள்.